பெயருக்குக் கீழே ஒரு வரி

ஐந்நூறு அட்டை. கெட்டித் தாள்.
பெயர் சரி, தொலைபேசி எண் சரி.
"பெயருக்குக் கீழே என்ன போட?" என்றார்
அச்சகத்து எவரிஸ்தோ,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு.

நானும் வாஷிங்டனும் விழித்தோம்.
வாஷிங்டன் என்றால் தலைநகரமில்லை, என் கூட்டாளி;
உருகுவேயில் அப்படியும் பெயர் வைப்பார்கள்.
ஊர்ப் பெயரிலேயே வீடியோவை வைத்திருக்கும்
மான்டிவீடியோவில்
எங்கள் பிழைப்புக்கு மட்டும் பெயர் அகப்படவில்லை.

வீடியோக்காரி?
பால்காரி, பூக்காரி வரிசையில் நிற்க
எனக்கொன்றும் வெட்கமில்லை.
ஆனால் காரியிடம் பேரம் பேசுவார்கள்.
ஆளர் என்றால் பேசமாட்டார்கள்.

அப்படியானால் ஒளிப்பதிவாளர்.
ஒலியை யார் பதிவதாம்?
வெட்டுவதும் நான், ஒட்டுவதும் நான்.
ஒயர் சுருட்டுவது வாஷிங்டன்.
அதற்கொரு ஆளர் உண்டா என்று கேட்டான்.

இயக்குநர்?
போன குளிர்காலம் தக்வரெம்போவில்
ஏலத்துக்காக நாற்பது கன்றுகளைப் படமெடுத்தேன்.
ஒன்றுகூட நான் சொன்ன பக்கம் திரும்பவில்லை.

படைப்பாளி என்று போடு என்றாள் என் தங்கை, போனில்.
மாட்டை நானா படைத்தேன்? புல்லை?

உள்ளடக்க உருவாக்குநர் என்பது
வாஷிங்டன் எங்கோ பொறுக்கி வந்தது.
உள்ளடக்கம்: மாட்டிறைச்சி, உப்பு, நீர்.
டின்னில் ஒட்டுகிற சீட்டு அது.

"படம் பிடிப்பவள்?"
"இடம் போதாது. பிடிப்பவள் என்று மட்டும் போடலாம்.
மீன் கேட்டு வருவார்கள், பரவாயில்லையா?"

பிடிப்பவள்.
பிடித்துப் போனவற்றையா, பிடிபட்டவற்றையா
என்று யோசிப்பதற்குள் மணி ஒன்றாகிவிட்டது.
சுடுநீர்க் குடுவையை அக்குளில் இடுக்கிக்கொண்டு
எவரிஸ்தோ சாப்பாட்டுக்குக் கிளம்பினார்.
"வெறுமையாக விட்டாலும் அதே விலைதான்."

வெறுமையாக விடவில்லை அவர்.
பாரத்தில் இருப்பதுபோல ஒரு புள்ளிக்கோடு போட்டிருந்தார்.

கல்யாண மண்டபத்தில் ஒளிப்பதிவாளர் என்று எழுதிக் கொடுத்தேன்.
பதினைந்து வயதுக் கொண்டாட்டத்தில்
கலை இயக்கம், கொஞ்சம் சாய்ந்த எழுத்தில்.
ஏலக் கம்பெனிக்கு: கன்று.
அவர்கள் ஏற்கெனவே என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

செவ்வாயன்று இர்மா உர்ருட்டி வந்தார்,
தக்வரெம்போவிலிருந்து, ஆறு மணிநேரப் பேருந்தில்.
பதினேழாம் எண் கன்று வேண்டும் என்றார்.
விற்றாயிற்றே அம்மா என்றேன்.
"கன்று இல்லை. பின்னால் கதவு சாத்துகிறவர்."

ஓட்டிக் காட்டினேன்.
தொப்பி, முதுகு, கொண்டியில் ஒரு கை.
இரண்டு விநாடி.
அதன் மேல் என் குரல்:
நகருங்கள் ஐயா, மறைக்கிறீர்கள்.
அவர் நகர்கிறார்.

மறுபடி போடச் சொன்னார்.
மறுபடி நகர்ந்தார்.

போகும்போது அட்டை கேட்டார்.
புள்ளிக்கோட்டின் மேல் பேனா ஓடவில்லை எனக்கு.
அவரே வாங்கி, மேசை ஓரத்தில் வைத்து
ஏதோ எழுதிக்கொண்டார்.

நான் நின்ற பக்கத்திலிருந்து
எழுத்தெல்லாம் தலைகீழ்.