ஒற்றைப்படை

ஸாரிசெல்காவில் அன்று மைனஸ் இருபத்தேழு.
பனிச்சறுக்கு லிஃப்டின் வாசலில் நின்று
இல்மோ பல்லால் கையுறையைக் கழற்றினான்.
பழைய வைஃபை அட்டை குளிரில் செத்துவிட்டது.
புதியதைச் சொருகியாயிற்று;
பழையதன் முகவரியை இதற்கு இட வேண்டும்,
பதிவேட்டுக்கு அந்த ஒன்றைத்தான் தெரியும்.
பன்னிரண்டு எழுத்து.
விறைத்த விரல் இரண்டைத் தேடிப் போய்
பக்கத்திலிருந்த மூன்றில் விழுந்தது.

அந்த அட்டைக்கு டிரைவர் எழுதியவள் நான்.
என் டிரைவர் மூன்றை வாங்கிக்கொண்டது.
வாங்கிக்கொண்டு, பூச்சியம் என்று பதிலும் சொன்னது.
எங்கள் பேச்சில் பூச்சியம் என்றால் எல்லாம் சுகம்.

பச்சை விளக்கு எரிந்தது.
கதவு திறக்கவில்லை.

இரண்டு நாள் ஆன்டெனாவைத் திட்டினார்கள்.
கம்பத்தில் ஏறி கேபிளை மாற்றினார்கள்.
ஹில்லா என்றொரு பெண் மரப்பெட்டியில் உட்கார்ந்து
ஆட்களைக் கண்ணால் எண்ணி உள்ளே விட்டாள்:
நோட்டில் நாலு கோடு, குறுக்கே ஒன்று,
மறுபடி நாலு கோடு.

மூன்றாம் நாள் ஊலுவில், என் மேசைக்கு,
அறுநூறு வரிப் பதிவு வந்தது.
ஏழாவது வரியிலேயே
காபியைக் கீழே வைத்துவிட்டேன்.

முகவரியின் முதல் எண்ணுக்கு
வால்போல ஒரு பிட் உண்டு.
எண் இரட்டைப்படை என்றால் அது ஓர் ஆள்.
ஒற்றைப்படை என்றால் கூட்டம்.
ஒற்றை என்ற சொல்லுக்குள்
ஒரு கூட்டமே நிற்கிறது,
இதை யாரிடம் போய்ச் சொல்ல?
இல்மோவின் வாசல் இரண்டு நாளும்
"எல்லோரும் பேசுகிறோம், உள்ளே விடு" என்று
மன்றாடியிருக்கிறது.
ஊரைக் கூப்பிடலாம்.
ஊராக நின்று கூப்பிட்டால்
எந்தக் கோபுரமும் திரும்பிப் பார்க்காது.

"மேலே காவல் இருக்கிறதே" என்றான் துரே,
என் திருத்தங்களைப் படித்துப் பழி சுமப்பவன்.
இருக்கிறது, முன்வாசலில்.
எட்டு வருடம் முன்பு ஒரு வெள்ளிக்கிழமை,
ஸௌனாவுக்கு நேரமாகிவிட்டது என்று
பக்கவாட்டில் ஒரு குட்டிக் கதவு வைத்தவள் நான்.
கோப்பில் எழுதிவைத்தால் போதும்,
ஏறும்போதே எடுத்துக்கொள்ளும்,
யார் பார்க்கப்போகிறார்கள்?
யாரும் பார்க்கவில்லைதான்.

ஐந்து வரி எழுதினேன்.
ஆறு இடமும் பூச்சியமா? வேண்டாம்,
அது பிறக்காதவன் பெயர்.
முதல் எண் ஒற்றைப்படையா? வேண்டாம்.
செல்லாது என்று உரக்கச் சொல்,
சுகம் என்று சொல்லித் தொலைக்காதே.
மற்றதெல்லாம் வரட்டும்.

அடுத்த பிட்டைத் தொடவில்லை.
"தொழிற்சாலை தந்ததல்ல, இங்கே நாங்களே இட்டது"
என்று கை தூக்கி ஒப்புக்கொள்ளும் பிட் அது.
ஓர்வொக்கி என்ற என் பெயரும்
முப்பத்தொரு வயதில் நானே எழுதிக்கொடுத்து வாங்கியது.
ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவள்
எழுத்துக்கூட்டலைச் சரிபார்த்தாள்.
யாரையும் ஏமாற்ற இல்லையே என்றாள்.
ஏன் என்று கேட்கவில்லை.
என் ஐந்து வரியும் கேட்காது.

திருத்தம் போய்ச் சேர்ந்த மாலை
இல்மோ வேண்டுமென்றே மூன்றைத் தட்டிப் பார்த்திருக்கிறான்.
"இப்போது திட்டுகிறது. நல்லது.
கை இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது."
கூடவே ஒரு படம்: ஹில்லாவின் நோட்டு.
கடைசிக் கட்டு நிரம்பவில்லை,
மூன்று கோட்டோடு நிற்கிறது.
பழக்கதோஷம், எண்ணிப் பார்த்தேன்.
ஒற்றைப்படை.
பரவாயில்லை, இவர்கள் ஆட்கள்;
உள்ளே போகட்டும்.