கட்டம்

வடபழஞ்சியில் மூன்றாம் மாடி.
கண்ணாடிக்கு வெளியே கரடும் கருவேலமும்.
என் திரையில் ஒரு சரக்குக் கப்பல்
இருபத்தைந்து வருடக் கடலை
நாற்பது நிமிடத்தில் கடக்கிறது.

எட்டாயிரம் மணிக்கொரு முறை பிஸ்டன் திறப்பு,
மாதம் ஒரு தடவை வடிகட்டி.
இவை கெடு வைத்த வேலைகள், பச்சைப் புள்ளிகள்.
மற்றதைப் பகடை பார்த்துக்கொள்ளும்.
பதினோராம் வருடம், மழைக்கால அரபிக்கடல்,
எரிபொருள் பம்பு சாகிறது. சிவப்பு.
உதிரி இல்லை. பதினாறு மணி நேரம் சும்மா மிதப்பு.
யாருக்கும் குமட்டவில்லை.
டீ குடித்துவிட்டு வந்து
மறுபடி ஓடவிடுகிறேன், ஆயிரம் தடவை.

கணக்கு இடறுவது ஒரே இடத்தில்.
தலைமைப் பொறியாளர் மச்சாது
நிஜக் கப்பலின் பதிவேட்டில் எழுதியிருக்கிறார்:
'பம்பு மூன்று. கெடுவுக்கு ஆறு வாரம் இருக்கிறது.
சத்தம் சரியில்லை. மாற்றிவிட்டேன்.'
இதைப் போட என்னிடம் கட்டம் இல்லை.

ராத்திரி ஏழரை. நாகமலைப் புதுக்கோட்டை வருமுன்னே
என் ஸ்கூட்டி நின்றுபோனது.
சர்வீஸ் தேதி தாண்டி நாலு மாதம்.
பஞ்சர் கடை ஒச்சப்பன் ஒரு மிதி மிதித்து
தலையைச் சாய்த்துக் கேட்டான்:
"ஒரு வாரமாக் கத்தியிருக்குமேக்கா?"

கத்தியது. ஹெல்மெட்டுக்குள்
நான் கப்பலை யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அட்டவணையில் ஒரு கட்டம் சேர்த்தேன்.
பெயர்: காது.
அதற்கு என்ன எண் கொடுப்பது என்று
மச்சாதுவுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.
கப்பல் சிக்னல் இல்லாத இடத்தில் இருக்கிறது.