தராசின் முகம்

கேள்வித்தாளில் முப்பத்தொரு கேள்விகள்.
ஒன்பதாவதிலேயே நின்றுவிட்டேன்.
‘கடந்த ஏழு நாட்களில்
உங்கள் வீட்டில் யாராவது
உணவின் அளவைக் குறைத்தீர்களா?’
இங்கிலீசில் எழுதி, ரோமாபுரியில் திருத்தி,
கொழும்பில் தமிழாக்கி,
மேல்டிவிசன் ஏழாம் லயத்து
மூன்றாம் காம்பராவுக்கு
மழையோடு நான் கொண்டுவந்த கேள்வி.

புஸ்பலீலா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.
கை நிற்கவில்லை.
“குறைக்கிறதுன்னா
மொதல்ல ஒரு அளவு இருந்திருக்கணுமே தம்பி.
அதுக்குக் கட்டம் இருக்கா?”

இல்லை.
‘தெரியாது’ என்பதற்கு ஒரு கட்டம் இருந்தது.
‘பதில் தர மறுத்தார்’ என்பதற்கு ஒன்று.

மா என்ன விலை என்றேன். சொன்னாள்.
போன மாசம்? அதையும் சொன்னாள்.
எங்கேயோ கருங்கடலில் கப்பல் நின்றால்
பொகவந்தலாவைக் கடையில்
மா மூட்டையின் வாய் இறுகுகிறது.
“அந்தக் கடல்ல நாங்க காலும் நனைச்சதில்ல,
எங்க அடுப்பு மட்டும் எப்படி நனைஞ்சிச்சு?”

பதினெட்டுக் கிலோ எடுத்தால் ஒரு பேர்.
பதினேழரைக்கு அரைப் பேர்.
நாட்கூலிக்கு இங்கே பேர் என்றுதான் பேர்.
அந்த வாரம் அவளுக்கு
நாலு முழுப் பேர், இரண்டு அரை.
என் தாளில் அவள் பேருக்கு இடமில்லை.
குடும்ப இலக்கம் 0417.

முப்பத்தொன்றை யாரும் நிரப்புவதில்லை.
‘சர்வதேச நிறுவனங்கள்
எவ்வாறு சீர்திருத்தப்பட வேண்டும்?’
இரண்டு கோடு இடம்.
கடந்துபோய்விடலாமென்று வேகமாக வாசித்தேன்.

“சர்வதேசம்னா?”
உலகத்துக்கு எவ்வளவு சோறு என்று
முடிவெடுக்கிற ஆபீஸ்கள், அக்கா.
“அங்க யாரு நிறுக்கிறது?”
நாடுகள்.
“எல்லாருக்கும் ஒரே பேரா?”
இல்லை. சில இடங்களில்
போட்ட பணத்துக்குத் தக்க வாக்கு.
சிலர் கை தூக்கினால்
ஒரு மலைக் கொழுந்தின் பாரம்.
நம்முடையது...
“அரைப் பேரு.”
அதுவும் இல்லை, என்றேன்.

ரொட்டி கருகும் வாசம். திருப்பிப் போட்டாள்.
“எழுதிக்க.
மடுவத்துல தராசோட முகம்
கணக்கப்பிள்ளை பக்கந்தான்.
மழைத்தண்ணிக்கு ரெண்டு கிலோ வெட்டுவாரு,
சாக்குக்கு ஒன்னு.
வெயிலடிக்கிற அன்னைக்கும் மழைத்தண்ணி.
சித்திரையில நாங்க பதினொரு பொம்பளைங்க
கொழுந்தக் கொட்டாம நின்னோம்.
கூடக் குடுன்னு கேக்கல.
மொகத்த இந்தப் பக்கம் திருப்புன்னோம்.
முள்ளு நடுங்குறத நாங்களும் பாக்கணும்.”

திருப்பினார்களா?
“அது ஒங்க கேள்வியில இருக்கா?”

அன்றிரவு ஹற்றன் விடுதியில்
அதை மேலிடத்துப் பாஷைக்கு மாற்ற உட்கார்ந்தேன்.
வெளிப்படைத்தன்மை என்று எழுதி அடித்தேன்.
பிரதிநிதித்துவம். அடித்தேன்.
நல்ல சொற்கள்தான்,
சாக்கின் பாரத்தையும் சேர்த்து நிறுத்தவை.
கடைசியில் அவள் சொன்னபடியே
தராசு, முகம், முள் என்று அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது.
குறியீடு இல்லாத விடையைக் கணினி ஏற்காது,
99 என்று இடவும். 99 என்றால் ‘ஏனையவை’.

இட்டேன்.
எனக்கும் நாளுக்குப் பன்னிரண்டு வீடு.
அவளோடு பேசியதில் அன்று ஒன்பதுதான்.
எனக்கும் அரைப் பேர்.

மறுநாள் அந்தியில்
மடுவத்தைத் தாண்டித்தான் பஸ்ஸுக்கு இறங்கினேன்.
தராசு தொங்கியது.
அதன் முகம் பெண்கள் பக்கமும் இல்லை,
கணக்கப்பிள்ளை பக்கமும் இல்லை.
காற்பங்கு திரும்பி
எதிர் மலையின் பனியைப் பார்த்திருந்தது.
அவரும் கழுத்தை வளைத்துத்தான்
வாசிக்க வேண்டியிருந்தது.

வெட்டு அப்படியே, மூன்று கிலோ.

புஸ்பலீலாவின் முறை.
சாக்கைக் கொக்கியில் மாட்டினாள்,
நுனிக்காலில் எம்பினாள்,
அவர் பேனாவைத் திறக்கும் முன்
மடுவம் முழுக்கக் கேட்கச் சொன்னாள்:
“ஏழே கால்!”