ஐந்தாவது வண்டி

விதி ஏழு, உட்பிரிவு ஆ:
ஐந்து வண்டிக்குக் குறைந்தால் அந்த வகுப்பு ரத்து.
எழுதியவன் நான்தான்.
மன்னார்குடி ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டே
இருநூறு பிரதி எடுத்தவனும் நான்தான்.

பங்குனி வெயில். பாமணியாற்றுக்குத் தெற்கே
உளுந்து விதைக்காமல் விட்ட மூன்று ஏக்கர்.
விட்டதற்கு விலை உண்டு:
விளையாத உளுந்துக்கு மூட்டைக் கணக்குப் போட்டு
முன்பணம் வாங்கிக்கொண்டார் சம்பந்தமூர்த்தி.
வளைவுகளில் வைக்கோல் உருளைகள், நாற்பத்திரண்டு, வாடகைக்கு.
பெட்ரோல் வாடை பட்டால் மாடு முகராது,
பட்ட உருளைக்கு முழு விலை என்று
கையெழுத்து வாங்கியிருக்கிறார் உருளைக்காரர் தைலப்பன்.

காவல் நிலைய விண்ணப்பத்தில் பந்தயத்துக்குக் கட்டமில்லை.
"ரேக்ளா மாதிரின்னு எழுதுங்க,
மாட்டுக்குப் பதிலா மோட்டார்னு ஓரத்துல போடுங்க" என்றார் எழுத்தர்.
இரண்டு மணிக்குள் முடிக்க வேண்டும்.
ஆம்புலன்ஸ் ஒரு மணிக்கே போய்விடும்.
மைக் கட்டிய ஆட்டோ மூன்று நாள் சுற்றியது;
காலமானார் செய்தி சொல்லும் அதே குரல்,
அனைவரும் வருக என்றதும்
எங்கள் தெருவில் ஒருத்தி, யாருக்கு என்னாச்சு என்று ஓடிவந்தாள்.

பெரிய வகுப்புக்குப் பதினெட்டு வண்டி.
திருச்சியிலிருந்து வேனில் ஏறி வந்தவை,
சொந்த மெக்கானிக், சொந்தக் கைதட்டல்.
பேனரில் அவர்கள் முகம்.
உரக்கடைக்காரர் பணம் தந்ததே அந்த முகங்களுக்கு.
"நூறு சிசி எதுக்கு சார்?
பால்காரர் போற வேகத்துக்கு யாரு விசிலடிப்பா?"

உள்ளூரில் இருப்பது நூறு சிசிதான் சார்.
பகலில் பால், ராத்திரி பந்தயம்.

இந்த வருடம் அதில் நான்கே பேர்.
கூத்தாநல்லூர் நிஜாமுதீன்.
இண்டிகேட்டர் இருந்த இடத்தில் டேப் ஒட்டிய ஆரோக்கியதாஸ்.
திருத்துறைப்பூண்டி செங்கொடி,
அண்ணனுக்குத் தெரியாமல் அண்ணனின் வண்டியோடு.
மணிமாறன், பிரேக் கொஞ்சம் சந்தேகம்.

போன வருடம் பதினோரு பேர்.
ஜெயித்த இளஞ்சேரன்மேல் புகார் வந்தது.
பாலிடெக்னிக் வாத்தியார் கதிரொளி
பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் எஞ்சினைப் பிரித்து
வெர்னியரை வைத்து அளந்து
அரை மில்லிமீட்டர் அதிகம் என்றார்.
அரை மில்லிமீட்டர்.
கோப்பையைத் திரும்ப வாங்கியது என் கை.
விதி நின்றது; ஏழு பேர் நிற்கவில்லை.

பன்னிரண்டே முக்கால்.
ஆம்புலன்ஸ் ஓட்டுநர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார்.
ரத்து என்று சொல்ல மைக்கை எடுக்கிறேன்.
காலையிலிருந்து கயிற்றுக்கு வெளியே
தண்ணீர் கேன் போட வந்தவன்போல் நின்ற இளஞ்சேரன்
கேன்களை இறக்கிவைத்துவிட்டு
வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறான்.
என்னைப் பார்க்கவில்லை.
கதிரொளியிடம் மட்டும்: "அளந்துக்குங்க."

"நேரமில்லப்பா."

"அளந்துக்குங்க சார்."

நுழைவுக் கட்டணம் கேன் காசில் வந்தது,
எல்லாம் ஈரமான பத்து ரூபாய்.

ஐந்து வண்டி கிளம்பியது. புழுதிதான் தெரிந்தது.
இரண்டாம் சுற்றில் செங்கொடியை உள்பக்கமாக முந்தப்போய்
வெடிப்பில் சக்கரம் இறங்கி
பதினேழாம் உருளைக்குள் தலைகுப்புறப் போனான் இளஞ்சேரன்.
எழுந்து வந்தான், காதெல்லாம் வைக்கோல்.
யாரோ விசிலடித்தார்கள். உரக்கடைக்காரர்தான் என்கிறார்கள்,
நான் பார்க்கவில்லை.

கோப்பை செங்கொடிக்கு.
அண்ணனுக்கு இனி தெரிந்துவிடும்.

சாயங்காலம் வரவு செலவு: ஒன்பதாயிரத்துச் சொச்சம் கைநட்டம்,
பதினேழாம் உருளை சேர்க்காமல்.
தைலப்பன் ஒரு கிடேரியைப் பிடித்துவந்தார்.
பந்தயத் திடலில் கடைசிப் பரிசோதனை.
கதிரொளி தள்ளி நின்றார்.
இளஞ்சேரன் காலி கேன்களைக் கட்டுவதை நிறுத்தினான்.
கிடேரி முகர்ந்தது,
தலையைத் தூக்கி எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்தது,
மறுபடி முகர்ந்தது,
ஒரு வாய் இழுத்தது.