புட்ருவுக்கு ஓர் அம்புக்குறி

நிலை என்றொரு புலம். அதில் ஐந்தே சொற்கள்:
வந்தது, தனிமையில், தயார், தத்துப்போனது, இறந்தது.
எதையும் எதுவாகவும் யாரும் மாற்றலாம் என்று
முதல் குளிர்காலத்தில் விட்டிருந்தேன்.

தார்ட்டு நகரத்து நாய்க் காப்பகம்.
கையுறை கழற்றாத விரல் ஒன்று பட்டியலில் வழுக்க,
இருமிக்கொண்டிருந்த குட்டி
தடுப்பூசிக்கு முன்பே தத்துப்போனது.
செவ்வாயன்று செத்த கிழட்டு மூரி
புதன்கிழமை தயார்.
படத்தைப் பார்த்துவிட்டு ஒரு சிறுவன்
அதற்கு என்ன பிடிக்கும் என்று தொலைபேசியில் கேட்டான்.

அன்றிரவே காவல் போட்டேன்:
இதிலிருந்து இதற்கு மட்டும்.
மற்றதெல்லாம் பிழை, சேமிக்காது.
தரவுத்தளத்தின் வாசலிலும் இன்னொரு பூட்டு,
என் நிரலை நானே நம்பாததால்.

ஒன்பது நாள் நிம்மதி.
பத்தாம் நாள் ஹெல்யே அழைத்தாள்:
"புட்ரு வாசலில் நிற்கிறது, கயிற்றோடு.
கொண்டுவந்தவர்கள் வண்டியைக்கூட அணைக்கவில்லை.
தத்துப்போனது எங்கும் போக முடியாதாம்,
உன் கணினி சொல்கிறது.
நான் இதை எந்தக் கூண்டில் எழுத?"

புட்ரு என்றால் இங்கே கஞ்சி.
அந்த நிறம்தான்.

'திருப்பியனுப்பப்பட்டது' என்று ஆறாவது சொல்லைச் சேர்த்தேன்.
கடைச் சரக்கா அது, என்றாள்.
அழித்தேன்.
தத்துப்போனதிலிருந்து வந்ததற்கு
பின்னோக்கி ஒரே ஓர் அம்புக்குறி.
அதைச் சரிபார்க்கும் சோதனைக்குப் பெயர் புட்ரு.

இறந்தது என்ற சொல்லில் சுட்டி சற்று நின்றது.
உள்ளே வரும் அம்புகள் மூன்று.
வெளியே போக ஒன்றுமில்லை.
அந்த வரியை அப்படியே விட்டேன்.

நள்ளிரவுக்குமேல் ஹெல்யேயின் குறுஞ்செய்தி:
சேமித்துவிட்டது. எட்டாம் கூண்டு.
சாப்பிடுகிறது.