கேஷ் குறைவு

சிம் லிம் சதுக்கம், நான்காம் மாடி.
கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் திரு சியோங்
வளையல் காட்டுவதுபோல்
இரண்டு சில்லுகளை எடுத்து வைத்தார்.
இரண்டுக்கும் ஆறு கோர்,
வேகமும் ஏறக்குறைய ஒன்றுதான்.
ஒன்றில் கேஷ் பதினாறு எம்பி,
மற்றதில் முப்பத்திரண்டு.
விலையில் அறுபத்தைந்து வெள்ளி வித்தியாசம்.

கேஷ் குறைவு, என்றேன்.
சில்லிலா பையிலா, என்றார்.
தமிழில் எழுதிப் பார்த்தால்
இரண்டும் ஒரே எழுத்து.
இரண்டிலும்தான் அங்கிள்.

மலிவானதை வாங்கினேன்.
மிச்சமான வெள்ளியில்
அக்காவின் மூக்குக்கண்ணாடிக்குப் புது பிரேம்.

ஈசூன், பதினோராவது மாடி, ஞாயிறு பின்னிரவு.
வினாடிக்குத் தொண்ணூற்றாறு பிரேம், சராசரி.
சராசரி என்பது
நீந்தத் தெரியாதவனுக்குச் சொல்லப்பட்ட
ஆற்றின் ஆழம்.
காட்டில் ஓடினேன், வழுக்கிக்கொண்டு போனது.
மலையில் ஏறினேன், ஒரு குறையுமில்லை.
உப்புத்துறைச் சந்தைக்குள் நுழைந்தேன்.
அங்கே நூறு பேர்,
நூறு பேருக்கும் நூறு வேலை,
ஒவ்வொருவனும் எங்கே திரும்புவான் என்று
சில்லு கணக்குப் பார்த்தாக வேண்டும்.

மேசையில் இருந்த மாதுளை
அடுத்த கணம் தரையில்.
விழுந்தது எங்கேயும் இல்லை.
என் தலையில் ஒரு குண்டு.
"தூங்கிட்டியா லா?" என்றான் ஹைருல்,
பாசிர் ரிஸ்ஸிலிருந்து, காதுக்குள்.

நிழலைக் குறைத்தேன்.
தண்ணீரின் மினுக்கைக் குறைத்தேன்.
முகங்கள் கொழுக்கட்டையாகும்வரை
எல்லாவற்றையும் குறைத்தேன்.
கிராபிக்ஸ் கார்டு அரைத் தூக்கத்தில் கிடந்தது.
குற்றவாளி அதுவல்ல.

பதில் துவாஸில் கிடைத்தது,
வேலை நேரத்தில், வரிசை நாற்பத்தேழில்.
நான் கிடங்கில் பொருள் எடுப்பவள்.
தள்ளுவண்டியில் மூன்றே தட்டு.
அடிக்கடி கேட்பதை அதிலேயே வைத்திருப்பேன்:
சார்ஜர், டயப்பர், மைலோ பொட்டலம்.
கேட்ட கையோடு கொடுத்துவிடலாம்.
தள்ளுபடி நாள் வந்தால்
ஆளுக்கொன்று கேட்பார்கள்,
மீன்தொட்டி விளக்கு, யோகாசனப் பாய்,
ஒருவருக்கு இடதுகைக் கத்தரிக்கோல்.
தட்டில் இல்லை.
முந்நூறு அடி நடை, முந்நூறு அடி திரும்பி.
அதுவரை பட்டுவாடாப் பெல்ட் வெறுமனே ஓடும்.
சுவரில் பலகை சொல்லும்:
மணிக்கு எண்பத்திரண்டு பொருள், சராசரி, நன்று.
நாற்பத்தேழின் முன் மூச்சு வாங்கி நின்ற நிமிடத்துக்கு
பலகையில் கட்டம் இல்லை.

சில்லுக்கும் அதே நடைதான்.
கேஷில் இல்லாததை ரேமில் போய்த் தேடி வர
எண்பது நானோநொடி.
எனக்கு அது ஒன்றுமேயில்லை.
அதற்கு, முந்நூறு துடிப்பு
கையைக் கட்டிக்கொண்டு நிற்பது.
சந்தையில் நூறு பேருக்காக
நூறு முறை, ஆயிரம் முறை.

சம்பளத்தன்று கத்திப் ரயில் நிலையம்.
வெளிவாயிலுக்கு அருகே, சீருடையில் ஒரு தாதி,
இரவுப் பணிக்கு நேரமாகிறது என்றாள்.
அன்னாசி பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள்,
பஞ்சுக்குள் முப்பத்திரண்டு எம்பி.
ஒரு முள்ளும் வளையவில்லை.
நூற்றுப்பத்து வெள்ளி.
டப்பா எனக்கு வேண்டும், என்று
சில்லை மட்டும் கொடுத்துவிட்டுப் போனாள்.
வீடுவரை அதைக்
குஞ்சைப்போல் கைக்குள் வைத்திருந்தேன்.

சராசரி நூற்றுமூன்று.
இவ்வளவுதானா என்றாள் அக்கா,
ஏழு பிரேமுக்கா நூற்றுப்பத்து?
புதுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.
கீழே இன்னொரு எண் இருந்தது, காட்டினேன்:
நூறில் மிக மோசமான ஒன்று.
முன்பு முப்பத்து நான்கு.
இப்போது எழுபத்தொன்று.
அவளுக்குப் புரியவில்லை.

உப்புத்துறை.
கூட்டம் பிளந்து வழிவிட்டது.
மேசை ஓரத்தில் மாதுளை,
யாரோ ஒருத்தியின் முழங்கை பட்டு அசைந்து,
சாய்ந்து,
காற்றில் அரைச் சுற்று சுற்றி,
கல்லில் பட்டு ஒருமுறை எம்பி,
மீன்காரனின் காலடிவரை உருண்டது.
அவன் குனிந்து எடுத்துத் துடைத்தான்.
அப்போதுதான் என்னைச் சுட்டார்கள்.

"மறுபடியும் நின்னுடுச்சா?"
இல்லை ஹைருல்.
நின்றது நான்.