இரண்டாம் வளைவுக்கு ஒரு கார்

நவம்பர் தொடங்கிவிட்டது.
ஒன்ராறியோவில் புத்தியுள்ளவர்கள்
பனி ரயர் வாங்கும் மாதம்.
நான் கூரை திறக்கும் கார் தேடினேன்.

கணக்கு இதுதான்:
பத்தொன்பதாயிரம் டொலர்.
மாதத்தில் ஒரு ஞாயிறு பந்தயத் தடம்.
உப்புக் கொட்டாத மற்ற நாளெல்லாம்
ஏஜாக்ஸிலிருந்து மருந்தகம்,
மருந்தகத்திலிருந்து ஏஜாக்ஸ்.

"கலியாணத்துக்கும் கடைக்கும்
ஒரே சீலையோ?" என்றாள் செந்தூரி.
ஓமடி, ஒன்றுதான்.
கசங்கினாலும் வடிவாயிருக்கிற சீலை
எங்கேயாவது இருக்கும்.

முதலில் ஒரு மஸ்டாங்.
பிக்கரிங்கில் ஒரு பெடியன் வைத்திருந்தான்.
திறப்பைத் திருப்பியதும்
பக்கத்து வீட்டு யன்னல் ஒன்று மூடிக்கொண்டது.
நேரே போகச் சொன்னேன், பறந்தது.
திரும்பச் சொன்னேன்,
யோசித்துச் சொல்கிறேன் என்றது.

அடுத்தது வெள்ளிநிறக் கேமன்.
அதை ஓட்டிய இருபது நிமிடமும்
நான் என்னைவிடக் கெட்டிக்காரி.
நினைத்த இடத்தில் மூக்கை வைத்தது,
நினைக்கும் முன்னரே சில தடவை.
பிறகு பிரேக் தட்டு மாற்ற என்ன செலவென்று கேட்டேன்.
சொன்னார்கள்.
திரும்பும் வழியில் என் கால்
பிரேக்கைத் தொடவே கூசியது.
உடைந்தால் அழுவேன் என்று தெரிந்த கோப்பையில்
எத்தனை நாள் தேத்தண்ணி குடிப்பது?

காப்புறுதிக்காரி தொலைபேசியில் கனிவாகத்தான் பேசினாள்.
"தடத்துக்குள் எது நடந்தாலும்
எங்களுக்கும் உங்களுக்கும் உறவில்லை."

அதற்குப் பிறகுதான் லிண்ட்சேக்கு அந்தப் பக்கம்
வெண்டலின் கராஜ்.
பதினெட்டு மாரி உப்பு லொறி ஓட்டிய மனிதர்.
தன் சின்ன மஸ்டாவை மட்டும்
ஒரு நாளும் உப்பில் இறக்கவில்லை.
ஓட்டிப் பார்க்கவா என்றேன்.
"முதலில் கீழே படுத்துப் பார்" என்று
கையில் ரோர்ச் தந்தார்.
குளிர்ந்த சீமெந்தில் மல்லாந்து கிடந்தேன்.
கறள் இல்லை.
ஒரு காரின் வயிற்றைப் பார்த்து
வாங்கலாமென்று முடிவெடுத்தேன்.

நூற்று அறுபத்தாறு குதிரை.
அதிகம் இல்லைத்தான்.
சுமக்கவும் அதிகம் இல்லை.

பிரணவரூபன் ஆறடி இரண்டங்குலம்.
உள்ளே மடிந்து உட்கார்ந்து,
கூரையில் தலை முட்ட,
"இந்தக் காரில் நான் எங்கே?" என்றான்.
கூரையைத் திறந்தேன்.
"இப்போது இருக்கிறாய்."

மாரி முழுவதும் கார் உள்ளே, வான் வெளியே.
விடிய விடிய வானில் பனி சுரண்டியவன்
ஒன்றும் சொல்லவில்லை.
சுரண்டும் சத்தம் சொன்னது.

மே மாதம், மொஸ்போட்.
நேர்ப்பாதையில் எல்லாரும் என்னைத் தாண்டினார்கள்.
சந்தையில் தெரிந்தவர்களைக் கண்டதுபோல
கையை நீட்டி நீட்டி வழிவிட்டேன்.
பிறகு இரண்டாம் வளைவு.
மேட்டின் உச்சியில் தெருவே இல்லை,
வானம் மட்டும்.
பக்கத்தில் இருந்த பயிற்சிக்காரி மயேல்
"காத்திரு, காத்திரு" என்றாள்.
காத்திருந்தேன்.
தெரு இடப்பக்கமாக விழுந்தது,
நாங்களும் விழுந்தோம்.
நாலு ரயரும் தனித்தனியாகப் பேசின.
என் இடுப்பெலும்புக்கு நாலும் கேட்டன.
சற்றுமுன் என்னைத் தாண்டிய பெரிய கார்
கையெட்டும் தூரத்தில்
பிரேக் விளக்கு எரிய எரியப் போனது.

மத்தியானம் மழை தூறியது.
ஐந்தாம் வளைவில் சுழன்றேன்.
புல்லில் கார் நின்றபோது
வந்த வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மயேல் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு
மூன்று மூச்சுக்குப் பிறகு வந்தது.
வெண்டலுக்குச் சொல்ல நினைத்தேன்,
சொல்லவில்லை.

திங்கள், நானூற்றியொன்று, மாலை ஐந்தரை.
எனக்கு முன்னே சீமெந்து லொறி,
பின்னே சீமெந்து லொறி.
தடத்தில் ஒட்டிய ரப்பர்த் துண்டுகள்
சில்லுக்கூட்டுக்குள் இன்னும் டிக் டிக்.
பக்கத்து இருக்கையில் இருபது இறாத்தல் அரிசி.
ஆள் என்று நினைத்து
கார் கத்தத் தொடங்கியது.
அரிசிக்குப் பட்டி கட்டினேன்.

வெஸ்ட்னி வீதிக்கு இறங்கும் வளைவில்
நாற்பது என்று எழுதியிருக்கிறது.
நாற்பதில்தான் போனேன்.
அரிசி மெல்ல
என் பக்கம் சாய்ந்தது.